உப்புக் கொட்டகை இன்ஜினும் உன் கல்யாணமும்

மகனே,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. மாதா கோயிலில் கல்யாண ஓலை இரண்டாம் முறையும் வாசித்தாகிவிட்டது, பெண் வீட்டில் பந்தக்கால் நட்டுவிட்டார்கள், மாப்பிள்ளைத் தோழனாக உன் ஆபீஸ் நண்பன் நிற்கிறான் என்றெல்லாம் எழுதிவிட்டு, கடைசிக்கு முந்தைய வரியில், "அப்பாவை விட்டுவிட்டு உங்களால் வர முடியாது என்று எனக்குத் தெரியும் அம்மா, அதற்காக வருத்தப்பட வேண்டாம்" என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை நான் நான்கு முறை படித்தேன். முதல் முறை அது அக்கறையாகத் தெரிந்தது. இரண்டாம் முறை அதில் ஒரு நிம்மதி தெரிந்தது. மூன்றாம் முறை, கும்பகோணத்தில் உன் மாமனார் வீட்டில் நான் வந்து சமையல்காரரின் கையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன், வந்தவர்களை எல்லாம் குறுக்குக் கேள்வி கேட்பேன் என்று நீ பயப்படுகிறாயோ என்று தோன்றியது. நான்காம் முறை எனக்கே அலுத்துவிட்டது. ஒரு வரியை வெறும் வரியாகப் படிக்க எனக்கு வராது. நீ ஹாஸ்டலில் இருந்தபோது உனக்குத் தெரியாமல் வார்டனுக்கு மாதம் ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருந்தவள் நான். நீ அதைக் கண்டுபிடித்த பிறகு வந்த லீவில், சாப்பாடு வேண்டும், வேண்டாம் என்பதைத் தவிர என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதற்கு நான் இன்றுவரை மன்னிப்புக் கேட்டதில்லை. இப்போது கேட்டுக்கொள்கிறேன். ஆனால் இந்தக் கடிதம் அதற்காக எழுதுவதல்ல.

நான் வருகிறேனா இல்லையா என்று ஒரு கார்டில் எழுதிப் போட்டுவிடலாம். அப்படிச் செய்யாததற்குக் காரணம் இருக்கிறது. போன வாரம் நான் ஒரு காரியம் செய்தேன். அதை உன்னிடம் மறைத்துவிட்டு உன் கல்யாணப் பூசையில் முன் வரிசையில் உட்கார எனக்கு மனம் ஒப்பவில்லை. உன் மனைவியாக வரப்போகிறவளும் இதைப் படிக்கட்டும். அதனால் உனக்குத் தெரிந்தவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன்.

உன் அப்பா இங்கே உப்பளத்தில் மேனேஜராக இருந்தவர். வரப்பில் நின்று அவர் கூப்பிட்டால் நாலு பாத்தி தள்ளி உப்பு வாரிக்கொண்டிருப்பவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். இரண்டு வருஷத்துக்கு முன் மெட்ராஸில் ஆபரேஷன் செய்து அவருடைய குரல்வளையை எடுத்துவிட்டார்கள். இப்போது கழுத்தில் ஒரு துளை, அதில் ஒரு குழாய், அதன் வழியாகத்தான் மூச்சு. பேசுவது சிலேட்டில். குழாயில் சளி சேர்ந்தால் மெஷின் வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு எட்டு முறை, காற்று வறண்டு அடிக்கிற நாளில் பதினைந்து முறை. மெஷின் கரண்டில் ஓடுவது. கரண்ட் இல்லாதபோது பெரிய சிரிஞ்சில் ரப்பர் குழாயைச் செருகிக் கையால் இழுக்கலாம். இளகிய சளி என்றால் வரும். கெட்டியாக இருந்தால் வராது. கரண்ட்டோ இப்போதெல்லாம் இந்தக் கடற்கரை ஊர்களில் எப்போது போகிறது, எப்போது வருகிறது என்று யாருக்கும் தெரியாது. போன பங்குனியில் ஒரு நாள் காலை பத்து மணிக்குப் போய்ப் பிற்பகல் மூன்றுக்குத்தான் வந்தது. கடைசி ஒரு மணி நேரம் உன் அப்பாவின் உதடு நாவல் பழ நிறத்தில் இருந்தது. இதை நான் உனக்கு எழுதவில்லை. "எல்லோரும் சௌக்கியம்" என்று எழுதினேன். நீயும் அதை அப்படியே நம்பிப் பதில் போட்டாய். நம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவும் கொஞ்சம் கோபமாகவும் இருக்கும்.

அன்று மாலை உன் அப்பா சிலேட்டில் எழுதிக் காட்டினார்: "உப்புக் கொட்டகையில் பழைய ஜெனரேட்டர் கிடக்கிறது. கேட்டுப் பார்." உப்பள முதலாளி மூட்டை கட்டும் கொட்டகைக்கு விளக்குப் போட ஒரு காலத்தில் வாங்கியது. லைன் கரண்ட் வந்த பிறகு அதை யாரும் தொடவில்லை. நான் போய்ப் பார்த்தேன். ஒற்றைச் சிலிண்டர் ஆயில் இன்ஜின், என் இடுப்பளவு உயரம், பக்கத்தில் பெல்ட் மாட்டும் சக்கரத்தோடு கரண்ட் உண்டாக்கும் டைனமோ. ஏழு வருஷம் உப்பு மூட்டைகளின் நடுவில் நின்றிருந்ததில் இரும்பு ஏடு ஏடாக உரிந்தது. சைலன்சர் குழாயில் எலி குட்டி போட்டிருந்தது. பெரிய சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளினேன். சுவரைத் தள்ளுவது போல இருந்தது. முதலாளி, "எடுத்துக்குங்க டீச்சர், எங்களுக்கு எடம் காலியாவும்" என்றார். சும்மா கொடுப்பவர்களைப் பற்றி என் கருத்து உனக்குத் தெரியும். ஏன் சும்மா கொடுக்கிறார் என்று மூன்று நாள் யோசித்தேன். காரணம் ஒன்றும் கிடைக்கவில்லை. மாட்டு வண்டியில் ஏற்றி வீட்டுக்குப் பின்னால் இருக்கும் விறகுக் கொட்டகையில் இறக்கினோம்.

யார் பழுது பார்ப்பது என்று கேட்டதும் உன் அப்பா யோசிக்காமல் எழுதினார்: "ஏழுமலை." எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பெருமுக்கல் பக்கத்திலிருந்து சைக்கிளில் வந்து, உப்பளத்தில் தண்ணீர் இறைக்கும் இன்ஜின்களைப் பார்த்துக்கொண்டிருந்தானே, அந்த ஏழுமலை. எட்டு வருஷத்துக்கு முன் டீசல் திருடினான் என்று உன் அப்பாவே அத்தனை பேர் முன்னால் வேலையை விட்டு நிறுத்திய ஏழுமலை. "அவன் திருடினான் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?" என்றேன். அவர் சிலேட்டைத் துடைத்துவிட்டு எழுதினார்: "திருடினான். வேலை தெரியும்." இரண்டும் ஒரே சிலேட்டில் எப்படி இருக்க முடியும் என்று எனக்குப் புரியவில்லை. தன்னை அவமானப்படுத்தியவரின் மூச்சை ஓட்டப்போகும் இன்ஜினைத் தொட அவனுக்கு ஏன் ஆசை வரும்? வந்தால், அந்த ஆசையின் பெயர் என்ன? நான் அப்படித்தான் யோசித்தேன்.

ஏழுமலை வந்தான். கொட்டகையில் இன்ஜினைச் சுற்றி ஒரு நடை நடந்தான். தட்டினான், மோந்தான். "பிஸ்டன் லைனர்ல ஒட்டிக்கிச்சு டீச்சரம்மா. அடிச்சி எடுத்தா ஒடஞ்சிடும். ஊற வெக்கணும்" என்றான். இன்ஜினின் தலைப்பாகத்தைக் கழற்றிவிட்டு, சிலிண்டருக்குள் மண்ணெண்ணெயும் இன்ஜின் ஆயிலும் கலந்து ஊற்றினான். தினமும் சாயங்காலம் வந்து, ஒரு மரக்கட்டையை வைத்து மெதுவாக இரண்டு தட்டு தட்டி, சக்கரத்தை அசைத்துப் பார்த்து, "இன்னிக்கு இல்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவான். ஐந்தாம் நாள் நான் கேட்டேன்.

"ஏம்பா, நெஜமாவே ஊறுதா, இல்ல நாள கடத்துறியா?"

"டீச்சரம்மா, ஊறுகா போட்டா ஜாடிய தெனம் தொறந்து கேப்பீங்களா, ஊறுறியா இல்ல ஏமாத்துறியான்னு?"

பத்தாம் நாள் சக்கரம் ஒரு விரற்கடை நகர்ந்தது. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒரு விரற்கடைதான். ஆனால் உன் அப்பா உள்ளே கட்டிலில் இருந்தபடியே அந்தச் சத்தத்தைக் கேட்டுச் சிலேட்டை ஜன்னல் கம்பியில் தட்டினார்.

அதன் பிறகு இன்ஜின் முழுவதும் கழன்றது. ஒவ்வொரு உறுப்பையும் டீசலில் கழுவிப் பழைய வேட்டியில் வரிசையாகப் பரப்பினான். ரிங்குகளும் டீசலைப் பீய்ச்சும் நாசிலும் தவிர எல்லாம் சரிபண்ணிவிடலாம் என்றான். நல்ல உறுப்புகளை எடுத்துவிட்டுத் தேய்ந்தவற்றை மாட்டிவிட்டால் எனக்கு எப்படித் தெரியும்? அவன் மதியம் சாப்பிடப் போன நேரத்தில், ஒவ்வொரு உறுப்பின் அடியிலும் நான் வெள்ளைப் பெயின்டால் ஒரு சிறிய புள்ளி வைத்தேன். பள்ளிக்கூடத்தில் பரிசோதனைக் குழாய்கள் காணாமல் போகாமல் இருக்கச் செய்வது போல. மறுநாள் அவன் வால்வு ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தான். வேலையை முடித்து, கைகழுவிவிட்டு, தன் பையிலிருந்து ஒரு சிறிய இரும்பு உளியை எடுத்து என்னிடம் நீட்டினான்.

"இது சென்டர் பஞ்ச்சு. வெச்சி சுத்தியால ஒரு தட்டு தட்டுனா குழி வுழும். பெயின்ட்டு டீசல்ல கழுவுனா போயிடும் டீச்சரம்மா. குறி வெக்கிறதுன்னா போவாத குறியா வெய்யிங்க."

என் முகம் எப்படி ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. நான் அந்த உளியை வாங்கிக்கொண்டேன். வாங்கியது மட்டுமில்லை, உட்கார்ந்து இருபத்தோரு உறுப்புகளிலும் குழி போட்டேன். அவன் எதிரிலேயே போட்டேன். வெட்கத்தை விட ஜாக்கிரதை பெரிது என்று அன்று நினைத்தேன். டைனமோவின் செப்புக் கம்பிகளைப் புதிதாகச் சுற்ற வேண்டும் என்று பாண்டிக்கு எடுத்துப்போனபோதும், அந்தக் கடையில் ஒரு மர ஸ்டூலில், சாப்பிடப் போன அரை மணி நேரம் தவிர, காலையிலிருந்து மாலைவரை உட்கார்ந்திருந்தேன். கடைக்காரர் ஏழுமலையிடம், "அந்தம்மா யாருப்பா, ஆபீசரா?" என்று கேட்டார். "வாத்தியாரு. நாம பரிச்ச எழுதறோம், கம்முனு சுத்து" என்றான்.

ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து நான் வந்த பிறகு, இன்ஜின் ஓடியது. ஒரு சிறிய லிவரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கைப்பிடியைச் சுற்ற வேண்டும்; வேகம் பிடித்ததும் லிவரை விட வேண்டும்; அப்போது முதல் வெடி கிளம்பும். முதல் நாள் கொட்டகை பூராவும் வெள்ளைப் புகை. உள்ளே மெஷின் உறுமியது, உன் அப்பாவின் தலைக்கு மேல் பல்பு கொஞ்சம் துடித்துவிட்டு நிலைத்தது. லைன் கரண்ட் ஒரு பக்கம், ஜெனரேட்டர் கரண்ட் ஒரு பக்கம், இரண்டும் ஒன்றையொன்று தொடாதபடி நடுவில் ஒரு திருப்பு சுவிட்ச் வைத்திருந்தான். இரண்டு வாரத்தில் நானே கைப்பிடியைச் சுற்றக் கற்றுக்கொண்டேன். கரண்ட் போனதிலிருந்து மெஷின் ஓடும்வரை எனக்கு ஆறு நிமிஷம் ஆகும். அவனுக்கு மூன்று. தினமும் டீசல் டாங்க்கில் ஒரு குச்சியை விட்டு அளந்து சுவரில் கோடு போட்டேன். அவன் அதையும் பார்த்தான்.

மழை தொடங்கிய வாரம், இன்ஜின் ஓடும்போது டைனமோவின் மேல் தற்செயலாகக் கைபட்டது; சுரீரென்று அடித்தது. எனக்கு உடனே எல்லாம் புரிந்துவிட்டது போல் இருந்தது. பாண்டியில் நான் சாப்பிடப் போன அரை மணி நேரத்தில் புதுக் கம்பிக்குப் பதில் பழைய கம்பியைச் சுற்றிவிட்டார்கள். இவனுக்கும் அதில் பங்கு. ஏழுமலை வந்ததும் வாசலிலேயே நிற்க வைத்துக் கேட்டுவிட்டேன். கேட்டேன் என்பது மரியாதையான சொல். அவன் நேராகக் கொட்டகைக்குப் போனான். நான் டைனமோவின் மேல் அழகாக மடித்துப் போர்த்தியிருந்த சாக்குகளை எடுத்தான். ஒரு மூலையை நாக்கில் வைத்துப் பார்த்தான்.

"இது எங்க கெடச்சிது?"

"உப்பளத்துலதான். தொவச்சி காய வச்சது."

"ஆறு தண்ணி தொவச்சாலும் உப்புச் சாக்கு உப்புச் சாக்குதான் டீச்சரம்மா. இத விரிச்சிப் படுத்தா எங்களுக்கு முதுவு நனையும். நீங்க இத டைனமோவுக்குப் போத்தி, ஜன்னலயும் சாத்தி, பூட்டும் போட்டு வெச்சிருக்கீங்க. ஈரம் எங்க போவும்? உள்ள போயிருக்குது."

மகனே, நான் கெமிஸ்ட்ரி படித்தவள். இருபத்திரண்டு வருஷமாகப் பத்தாம் வகுப்புக்கு, சுத்தம் செய்யாத உப்பு காற்றில் இருக்கும் ஈரத்தை ஏன் இழுக்கிறது என்று கரும்பலகையில் எழுதிக் காட்டி வருபவள். திருடனுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தினேன், தூசிக்குப் பயந்து சாக்கைப் போர்த்தினேன், இரண்டும் சேர்ந்து புதுக் கம்பியை நனைத்துவிட்டன. ஏழுமலை டைனமோவைத் திறந்து, உள்ளே நூறு வாட் பல்பு ஒன்றை எரியவிட்டு, மூன்று நாள் காய வைத்தான். போர்த்துவதற்கு என்னிடம் பழைய நூல் புடவை ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டான். அந்த மூன்று நாளும் கரண்ட் போகக் கூடாதே என்று நான் செபமாலை சொன்னேன். அது எனக்கு வழக்கமில்லை. மூன்றாம் நாள் அவனுக்குக் காப்பி கொடுத்துவிட்டு நேராகக் கேட்டேன்.

"அப்போ உப்பளத்துல டீசல் எடுத்தியா, இல்லயா?"

"எடுத்தேன்."

"எவ்வளவு?"

"ஐயா புடிச்சது நாலு டின்னு. புடிக்காதது யாருக்குத் தெரியும்?" என்று சிரித்தான்.

"ஏன் எடுத்த?"

"ஏன்னு கேட்டா ஒரு கத சொல்லணும். நீங்க அதயும் குச்சி வுட்டு அளப்பீங்க. எடுத்தேன். வுடுங்க."

அவன் இல்லை என்று சொல்லியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். நம்பாமல் இருந்திருப்பேன். ஆம் என்று சொல்கிற திருடனை என்ன செய்வது என்று எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

அப்புறம் உன் கல்யாணம் நிச்சயமானது. நம் பக்கத்து உறவெல்லாம் கும்பகோணத்துக்கு வந்துவிடும். இங்கே இருந்து உன் அப்பாவைப் பார்த்துக்கொள்ள, கைப்பிடியைச் சுற்றத் தெரிந்த ஆள் ஒருவன்தான். இரண்டு நாள் இருக்கிறாயா என்று கேட்டேன். "இருக்கேன்" என்றான். கழுத்துக் குழாயைத் துடைக்கவும் சளி எடுக்கவும் கற்றுக்கொடுத்தேன். அதற்கு முன் கையில் இருக்கும் கிரீஸ் போக வேண்டுமே. மண்ணெண்ணெய், சோப்பு, மறுபடி சோப்பு, நகக்கண்ணுக்குப் பிரஷ், கடைசியில் மருந்துத் தண்ணீர். "இவ்ளோ சோப்பு என் கல்யாணத்துக்கே போடல டீச்சரம்மா" என்றான். உன் அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்குச் சிரிப்பு வந்தால் சத்தம் வராது, குழாயில் காற்று மட்டும் விசில் போல வரும். கரடுமுரடான கைதான், ஆனால் குழாயை உள்ளே விடும்போது என் கையைவிட நிதானமாக இருந்தது. பார்த்துக்கொண்டிருந்தேன். நன்றாகச் செய்தான். அதுதான் எனக்கு உறுத்தியது. நான் பார்க்கும்போது நன்றாகச் செய்கிறான். நான் பார்க்காதபோது?

இப்போது அந்தக் காரியத்துக்கு வருகிறேன். போன வியாழக்கிழமை பிற்பகல் மூன்றரை மணி. ஏழுமலை உள்ளே உன் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பெல்ட் தைத்துக்கொண்டிருந்தான். உன் கல்யாண ஓலை விஷயமாகக் கோயிலில் சாமியாரைப் பார்த்துவிட்டு வருகிறேன், ஒரு மணி நேரம் ஆகும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். வாசல் தாழ்வாரத்தில் மெயின் பெட்டி இருக்கிறது. அதைத் திறந்து ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். வீட்டில் கரண்ட் நின்றது. நான் கோயிலுக்குப் போகவில்லை. பக்கத்து வீட்டு மதில் ஓரம், நம் வாசலுக்குத் தெரியாத முருங்கை மரத்தடியில், கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மூன்று நிமிஷத்தில் இன்ஜின் சத்தம் கேட்க வேண்டும். நான் இல்லை என்று தெரிந்தால் அவன் எழுந்திருக்கிறானா, பீடி பிடிக்கப் போகிறானா, அல்லது பழைய கணக்கு ஏதாவது மனதில் இருந்து சும்மா உட்கார்ந்திருக்கிறானா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

மூன்று நிமிஷம் ஆயிற்று. சத்தம் இல்லை. நான்கு. பக்கத்து வீட்டு ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. ஐந்து. நான் நினைத்தது சரி என்று எனக்கு ஒரு திருப்தி வந்தது. மகனே, இதைத்தான் உன்னிடம் சொல்ல வேண்டும் என்று இத்தனை பக்கம் எழுதினேன். உன் அப்பா உள்ளே மூச்சுக்கு என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று தெரியாது, எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை, திருப்தி. பயம் அதற்குப் பின்னால்தான் வந்தது. வந்ததும் ஓடினேன்.

உன் அப்பா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் தெளிவாக இருந்தது. பக்கத்தில் கிண்ணத்தில் சிரிஞ்சும் குழாயும் கழுவி வைக்கப்பட்டிருந்தன. ஏழுமலை தாழ்வாரத்தில், திறந்த மெயின் பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான்.

"இன்ஜின் ஏன் ஓடல?" என்று கத்தினேன்.

"மெதுவா டீச்சரம்மா. ஐயாவுக்கு மொதல்ல எடுத்துவுட்டேன், இப்போதிக்கு வராது. வாசலாண்ட போயிப் பாத்தேன். பக்கத்து வூட்ல ரேடியோ பாடுது. ஊருக்கெல்லாம் கரண்ட் இருக்குது, நம்ம வூட்ல மட்டும் இல்ல. அப்போ கோளாறு வூட்டுக்குள்ள. ஒயர் எங்கனா ஒண்ணோட ஒண்ணு சேந்திருந்தா? அது தெரியாம அதே ஒயர்ல நான் ஜெனரேட்டர் கரண்ட்ட வுட்டா? ஐயா படுத்திருக்கிறது இரும்புக் கட்டில்" என்றான். பிறகு பெட்டியைக் காட்டினான். "பாத்தா, பீஸ் கட்டையே இல்ல. எரிஞ்சி போவல. இல்ல. பீஸ் கட்டைக்குக் கால் மொளைக்குமா?"

அவன் என் கைப்பையைப் பார்க்கவில்லை. அப்படிப் பார்க்காமல் இருப்பதற்கு அவன் கொஞ்சம் சிரமப்பட்டான் என்று தெரிந்தது. நானே பையைத் திறந்து வெள்ளைக் கட்டையை எடுத்துக் கொடுத்தேன். அவன் அதைப் பொருத்தினான். உள்ளே மெஷின் உயிர் பெற்றது. உன் அப்பாவிடம் போய், "நான்தான் எடுத்தேன்" என்றேன். அவர் ஜன்னல் பக்கம் கையைக் காட்டிவிட்டுச் சிலேட்டில் எழுதினார்: "பார்த்தேன்." நான் கட்டையைப் பிடுங்கிப் பையில் போட்டதை அவர் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு, தன் மூச்சையே பணயம் வைத்து, ஏழுமலையிடம் ஒன்றும் எழுதிக் காட்டாமல் உட்கார்ந்திருந்திருக்கிறார். "ஏன் சொல்லவில்லை?" என்றேன். துடைத்துவிட்டு எழுதினார்: "எனக்கும் தெரியணும்."

ஏழுமலை எட்டிப் பார்த்து எழுத்துக்கூட்டி வாசித்தான். எனக்கும். தெரியணும். இரண்டு முறை வாசித்தான். அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

"சரி. ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிடுச்சா?" என்றான். தைத்த பெல்ட்டைக் கையில் எடுத்தான். "எனக்கும் ஒண்ணு தெரிஞ்சிடுச்சு. இந்த வூட்ல நான் பாத்துக்க வேண்டியது இன்ஜின மட்டும் இல்ல." பெல்ட்டைச் சுருட்டி ஆணியில் மாட்டிவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை வரவில்லை. சனிக்கிழமையும் வரவில்லை. இனி வரமாட்டான் என்று முடிவுசெய்து, "உன் கல்யாணத்துக்கு என்னால் வர இயலவில்லை" என்று உனக்கு ஒரு கார்டு எழுதி வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்து நின்றான். வானூரில் ஒரு கிணற்று இன்ஜின் வேலை இருந்தது என்றான். உண்மையா என்று எனக்குத் தெரியாது, கேட்கவில்லை. உள்ளே வராமல் வாசலிலேயே நின்று பேசினான். "ரெண்டு நாளும் மெயின் பெட்டி சாவி, கொட்டகை சாவி, ரெண்டும் என்கிட்ட இருக்கணும். நீங்க போனப்புறம் பாத்துட்டு வான்னு ஊர்ல யாரயும் அனுப்பக் கூடாது. திரும்பி வந்து டீசல் அளக்கக் கூடாது."

"மொத ரெண்டுக்கும் சரி. டீசல் அளப்பேன்" என்றேன்.

"அளங்க. கொறஞ்சிருந்தாதான் நான் ஓட்டுனேன்னு அர்த்தம்" என்றான்.

இதைப் படித்துவிட்டு, அம்மா கடைசியில் ஒரு மனிதனை நம்பக் கற்றுக்கொண்டாள் என்று நீ உன் மாமனார் வீட்டில் சொல்லிக்கொண்டிருக்காதே. அப்படி ஒன்றும் நடக்கவில்லை. நேற்றுகூட அவன் கையில் கட்டியிருந்த புதுக் கடிகாரம் எங்கிருந்து வந்தது என்று அரை மணி நேரம் யோசித்தேன். எனக்கு நம்பிக்கை வந்ததால் நான் கிளம்பவில்லை. அது வரும்வரை காத்திருந்தால் உன் பிள்ளைகளின் கல்யாணத்துக்கும் வரமாட்டேன் என்று தெரிந்ததால் கிளம்புகிறேன். உனக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான்: உன் மனைவியிடம் ஏதாவது சந்தேகம் வந்தால் வாசலில் நிற்க வைத்தாவது முகத்துக்கு நேரே கேட்டுவிடு. அவள் கோபப்படுவாள், பதில் சொல்வாள், அல்லது உன்னை வைவாள். எதையாவது பிடுங்கிப் பையில் வைத்துக்கொண்டு மரத்தடியில் நின்று பார்க்காதே. நீ நினைத்தது சரியாகிவிட்டது என்று தோன்றும் அந்த ஒரு நிமிஷம், நினைத்துப் பார்த்தால், இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

வருகிற செவ்வாய்க்கிழமை காலை முதல் பஸ்ஸில் திண்டிவனம் வந்து ரயில் ஏறுகிறேன். புதன்கிழமை பூசையும் விருந்தும் முடிந்து அன்று மாலையே கிளம்பிவிடுவேன். தங்கச் சொல்லி யாரும் வற்புறுத்த வேண்டாம். பந்தல் முகவரியை ஏழுமலையிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன், ஏதாவது என்றால் தந்தி கொடுப்பான். உன்னிடம் ஒரு வேண்டுகோள். என் அப்பா இறந்த தந்தியை என் சித்தப்பா, அன்று வீட்டில் நடந்துகொண்டிருந்த விருந்து முடியும்வரை தன் சட்டைப் பையில் வைத்திருந்தார். மிகவும் நல்லவர். அவருடைய நல்ல மனத்தால் நான் மூன்று மணி நேரம் பாயசம் பரிமாறிக்கொண்டிருந்தேன். உன் மாமனார் வீட்டாரும் நல்லவர்கள் என்று எழுதியிருக்கிறாய். அதனால்தான் பயமாக இருக்கிறது. தந்தி வந்தால், நீ பீடத்துக்கு முன்னால் தாலியைக் கையில் எடுத்து நின்றாலும் சரி, அதை என்னிடம் கொண்டுவந்து கொடுக்கச் சொல்லிவை. பிரிக்காமல்.

அம்மா